உங்கள் ரவுட்டரைக் கழற்றிக்கொண்டு போகவும்

அன்பு மிகுந்த மைத்துனருக்கு, உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உங்கள் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை. உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும், உங்களைத் தவிர.

கூடத்துச் சுவரில் இரண்டு கொம்போடு ஒரு ரவுட்டரை ஆசையாக மாட்டிவிட்டு, "ஒரு தடவ மாட்டியாச்சுன்னா அப்புறம் திரும்பிக்கூடப் பாக்க வேண்டாம் அத்தான்" என்றீர்களே, அன்றிலிருந்து நான் வேறு எதையும் பார்க்கவில்லை. பெரியவளும் சின்னவளும் ஒரே கம்பெனி. பெரியவள் சம்பளக் கணக்குப் போடுகிறவள், சின்னவள் இன்னும் வேலை நிரந்தரமாகாதவள். இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை; விபிஎன் என்று ஒன்றைப் போட்டால்தான் ஆபீஸ் உள்ளே விடும். பெரியவள் போட்டால் சின்னவள் வெளியே விழுகிறாள். சின்னவள் மறுபடி போட்டால் பெரியவள் விழுகிறாள். "அப்பா, அவ வேணும்னே பண்றா!" "நான் என் பட்டனத்தானே அமுக்கினேன்?" என்று இரண்டு அறையிலிருந்தும் ஒரே கூச்சல்.

உங்களுக்குப் போன் போட்டால் சிரிக்கிறீர்கள். "வீட்டுல எத்தன மிஷின் இருந்தாலும் வெளிய போறப்ப எல்லாத்துக்கும் ஒரே அட்ரஸ்தான் அத்தான். திரும்பி வர்றது யாருக்குன்னு ரவுட்டர்தான் பிரிச்சுக் குடுக்கணும். ரெண்டு பேரும் ஒரே ஆபீஸுக்கு விபிஎன் போட்டா அதுக்குக் குழம்பிடுது" என்று விளக்கம் வேறு. குடிநீர் வாரியத்தில் ஊருக்கே குழாய் போட்டவன் நான், இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் பிரித்துவிடத் தெரியாத குழாயை எவனாவது மாட்டுவானா? வேறு வழியில்லாமல் முறை வைத்தேன். ஒருத்தி வேலை செய்தால் மற்றவள் கூடத்தில் காத்திருக்க வேண்டும்.

நேற்று சின்னவளின் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி மேலதிகாரிகளோடு கூட்டம். பெரியவள் கணினியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள். பாதிக் கூட்டத்தில் அவளுக்கு ஆபீஸிலிருந்து போன்: சம்பளக் கணக்கை உடனே அனுப்பாவிட்டால் யாருக்கும் சம்பளம் கிடையாதாம். "ஒரே நிமிஷம்ப்பா" என்று அமுக்கிவிட்டாள். சின்னவளின் திரை அப்படியே நின்றுபோனது. அவள் அக்காவை ஒரு முறை முறைத்துவிட்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் ஓடினாள், நான் சார்ஜரோடு பின்னாலேயே. நோயாளிகள் நடுவே உட்கார்ந்து, அவர் வைஃபையில் மிச்சத்தைப் பேசினாள். உள்ளே யாரோ அலறினார்கள். "என்னம்மா சத்தம்?" என்று மேலதிகாரி கேட்க, "ஒண்ணுமில்ல சார், பக்கத்துல ஒருத்தருக்குப் பல்லப் புடுங்கறாங்க" என்றாளாம். உண்மை பேசுகிற பெண் என்று அவருக்குப் பிடித்துப்போய், வேலை நிரந்தரம். ஆனாலும் இன்று காலை வரை அக்கா தங்கைக்குள் பேச்சில்லை. நடுவில் நான் தபால்காரன்.

அந்தப் பெட்டியைக் குப்பையில் போடலாம் என்றால், "என் தம்பி ஆசையா வாங்கிக் குடுத்தது" என்று உங்கள் அக்கா கண்ணைக் கசக்குகிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து, கொம்போடு கழற்றிக்கொண்டு போகவும். சாப்பாடு உண்டு, சிரிக்கக் கூடாது.

உங்கள் குடும்பத்தில் நெட்டும் நிம்மதியும் குறையாதிருக்க வாழ்த்தும்,
அத்தான்.

பி.கு.: இதை மடிப்பதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நீங்கள் போனில் சொன்ன ஏதோ புதுப்பிப்பைச் சின்னவள் ரவுட்டரில் போட்டாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. சமாதானமும் ஆகிவிட்டார்கள். ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனவர்கள்தான், சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. முறைக்குக் காத்திருக்கும்போது கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து தங்கையைப் பற்றி ஒருத்தியும் அக்காவைப் பற்றி ஒருத்தியும் புகார் சொல்லிக்கொண்டாவது இருந்தார்கள். உங்கள் அக்கா, "வீடு ஆபீஸ் மாதிரி ஆயிடுச்சுங்க" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். பெட்டியைக் கழற்ற வேண்டாம். பழையபடி கெடுத்துவிட்டுப் போனால் போதும். பெண்களிடம் மூச்சு விடாதீர்கள்.