மடுவில் நிலைத்த எருமைகள்

ஒரு காட்டில் புலி ராஜாவாக இருந்தது. சிங்கம் எங்கே போயிற்று என்று கேட்கக் கூடாது. நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் கிடையாது. பாடப்புத்தகம் எழுதியவர்கள் நேரில் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காட்டில் ஒரு சின்ன அருவி. அருவிக்குக் கீழே ஒரு மடு. மடுவின் கரையில், பாறை இடுக்கில், செண்பகவல்லி என்ற நீர்நாய் மூன்று குட்டிகளோடு குடித்தனம் செய்துகொண்டிருந்தாள். நீர்நாய்க் குட்டி நீந்திக்கொண்டே பிறப்பதில்லை. அம்மா கழுத்தைக் கவ்வித் தண்ணீரில் போட்டு, அது அலறி, மறுபடி தூக்கி, மறுபடி போட்டு, அப்படித்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். மழை வந்து ஆறு பெருகுவதற்குள் மூன்றும் நீந்தியாக வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளம் கொண்டுபோய்விடும். செண்பகவல்லிக்கு வேறு கவலை இல்லை. இதுவே போதுமானதாக இருந்தது.

புலியாருக்குத்தான் வேறு கவலை. பக்கத்துக் காட்டுக்கு ஊரிலிருந்து ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் கூட்டம் கூட்டமாகச் சுற்றிப்பார்க்க வந்தன. அங்கே என்ன இருக்கிறது? ஒரு பாறை. அதன்முன் நின்று கத்தினால் அதுவும் திரும்பக் கத்தும். திரும்பக் கத்த வீட்டில் ஆளில்லையா என்ன? இருந்தும் வந்தார்கள்.

“நம்மகிட்ட அருவியே இருக்கு. ஒரு கோழிகூட எட்டிப் பார்க்கலையே!” என்று சபையைக் கூட்டி உறுமினார் புலியார்.

நரியார் முன்னால் வந்தார். வெளிக்காட்டில் நடந்த ஒரு பயிலரங்குக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. குளிக்கும்போதாவது கழற்றினாரா, தெரியாது.

“ராஜா, இப்போ உலகம் பூரா ஒரே பேச்சுதான். நீடித்த, நிலைத்த சுற்றுலா.”

சபை தலையாட்டியது. யாருக்கும் அர்த்தம் தெரியாது. நரியாருக்கும் தெரியாது, பயிலரங்கில் அந்தப் பகுதி மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்தது. யானை மட்டும், “அப்படின்னா என்னப்பா?” என்று கேட்டுத் தொலைத்தது.

நரியார் கழுத்து அட்டையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். “பேர்லயே இருக்கே அண்ணே. நீடிக்கணும். நிலைக்கணும். பக்கத்துக் காட்டுக்குக் காலையில வர்றவங்க சாயங்காலம் கிளம்பிடறாங்க. நம்ம காட்டுக்கு வந்தவங்க போகவே கூடாது. அப்புறம் நம்மளோட யார் போட்டி போட முடியும்?”

“பலே!” என்றார் புலியார்.

செண்பகவல்லி எழுந்தாள். “என் குட்டிங்களுக்கு இன்னும் நீச்சல் வரலை ராஜா. வர்றவங்க எல்லாரும் மடுவுலதான் இறங்குவாங்க. ஒரு இடம் இத்தனை பேரைத்தான் தாங்கும், அதுக்குத் தாங்கும் திறன்னு பேருன்னு சொல்றாங்களே, அதைப் பார்க்க வேண்டாமா?”

“பார்த்தாச்சு அக்கா,” என்றார் நரியார், தேன் ஒழுக. “ராத்திரி பகலா அருவி இரைச்சலைத் தாங்கறீங்க. மூணு குட்டியைத் தனியாத் தாங்கறீங்க. மீன் பிடிக்கப் போறேன்னு கீழாத்துக்குப் போன வீட்டுக்காரர் இன்னும் திரும்பலை, அதையும் தாங்கறீங்க. உங்களுக்கு இல்லாத தாங்கும் திறனா?”

சபை கைதட்டியது. தாங்கும் திறன் ‘மிக நன்று’ என்று முடிவாயிற்று.

முதலில் வந்தது ஓர் எருமைக் குடும்பம். சொர்ணம் என்ற பெரிய எருமை, அவள் வீட்டுக்காரர், மருமகள், ஒரு கன்று. கூடவே புளியோதரைத் தூக்கு, சிப்ஸ் பாக்கெட்டுகள், ஒரு பாட்டுப் பெட்டி. அருவிக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தார்கள். மான்கள் மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தடவி நீட்டின, தின்றார்கள். பிறகு மடுவில் இறங்கி உட்கார்ந்தார்கள்.

தண்ணீரில் உட்கார்ந்த எருமையை எழுப்புவதும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோபாவில் சாய்ந்த மனுஷனை எழுப்புவதும் ஒன்று. சாயங்காலம் ஆயிற்று, எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. வாரம் திரும்பிற்று. மடு காப்பி நிறத்துக்கு வந்தது. மீன்கள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டன. தண்ணீரில் போட்ட கடைக்குட்டி ஒரு சிப்ஸ் கவருக்குள் தலை மாட்டி மூச்சுத் திணறியபோது, செண்பகவல்லி கவரைக் கிழித்துக் குட்டியை எடுத்துக்கொண்டு நேரே சொர்ணத்திடம் போனாள்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கறீங்களா பெரியம்மா? குட்டிக்கு நீச்சல் கத்துக்கொடுக்கணும்.”

“ஏம்மா, நாங்க வந்திருக்கறது நிலைத்த சுற்றுலா. நகர்ந்தா எப்படி?” என்றாள் சொர்ணம், கண்ணைத் திறக்காமல். “கரையில வெச்சுக் கத்துக்கொடேன். காலை ஆட்டத்தானே வேணும்?”

செண்பகவல்லி புலியாரிடம் ஓடினாள். “பேசாம இரு செண்பகம். எந்தக் காடு சிறந்த சுற்றுலாக் காடுன்னு பார்க்க மயில் அம்மையார் வர்றாங்க. பக்கத்துக் காட்டுக்காரன் வயிறெரியணும்,” என்றார் அவர்.

“தாங்கிக்கங்க அக்கா,” என்றார் நரியார்.

மேற்கே முதல் கருமேகம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே திரும்பிய செண்பகவல்லிக்கு, விருந்துக்கு வந்து டேரா போட்ட தன் நாத்தனார் குடும்பம் கடைசியில் எப்படிக் கிளம்பிப் போனது என்பது சட்டென்று ஞாபகம் வந்தது.

விடிந்ததும் சிரித்த முகத்தோடு மடுவுக்குப் போனாள்.

“தூக்கம் வந்துதா பெரியம்மா? இத்தனை நாளா உங்களை விருந்தாளின்னே நினைச்சுட்டேன். தப்பு என்னோடது. நீங்கதான் நிலைச்சுட்டீங்களே. இனிமே நீங்க நம்ம வீட்டு மனுஷங்க.”

சொர்ணம் உருகிப்போனாள். “பார்த்தீங்களா, தங்கமான பொண்ணு!”

“அதனால இந்தத் துடைப்பம் உங்களுக்கு. அந்த ஓரம் பூரா சிப்ஸ் கவர். பெரியப்பா பாசி தேய்க்கட்டும். உங்க மருமக சேறு வாரிக் கொட்டட்டும். நாளைக்கு ஆட்டுக் கூட்டம் வருதாம். வீட்டு மனுஷங்க நாமதானே அவங்களைத் தாங்கணும்? நீங்க கரையேறிக்கிட்டா அவங்க உட்காரச் சௌகரியமா இருக்கும்.”

பாட்டுப் பெட்டி நின்றது. வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சொர்ணம் இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்தாள்.

“எனக்கு முழங்கால் வலிம்மா.”

“உட்கார்ந்தே பெருக்கலாம் பெரியம்மா.”

“கன்னுக்குட்டிக்குப் பரீட்சை இருக்கு அத்தை, மறந்துட்டீங்களா?” என்றாள் மருமகள்.

“அப்படியா! எந்த வகுப்பு?”

“அது... இனிமேதான் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும்.”

வெயில் ஏறுவதற்குள் மடு காலி. புளியோதரைத் தூக்கைக்கூட மறந்துவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்த குப்பையைச் செண்பகவல்லியே பெருக்கினாள். அருவி கலங்கலை அடித்துக்கொண்டு போயிற்று. முதல் இரண்டு குட்டிகளும் நீந்திவிட்டன. கடைக்குட்டி மட்டும் அலறிற்று.

அந்த நேரம் பார்த்து மயில் அம்மையார் வந்து இறங்கினார். காலியான மடுவைப் பார்த்துப் புலியாருக்கு மீசை துடித்தது. நரியார் புலியாரின் பின்னால் பதுங்கினார்.

“சுற்றுலாப் பயணிகள் எங்கே?” என்றார் மயில்.

“ஒருத்தரும்... இல்லைங்கம்மா,” என்றார் புலியார்.

“ஒருத்தருமா?” மயிலுக்குக் கொண்டையே சிலிர்த்துவிட்டது. “சுற்றுலாத் தலம், ஆனா சுற்றுலாவால ஒரு கீறல்கூட இல்லை! இதுதான் நிஜமான நீடித்த, நிலைத்த சுற்றுலா. முதல் பரிசு உங்களுக்கே!”

“எல்லாம் திட்டம் போட்டுச் செஞ்சதும்மா,” என்று நரியார் முன்னால் வந்தார். புலியார் கழுத்தில் மாலை விழுந்தது. பெருக்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்த வீட்டில் கேட்டிருக்கிறார்கள்?

பரிசுச் செய்தி ஊருக்குப் போயிற்று. மறுநாள் பொழுது விடியும்போது, யார் காலும் படாத இடத்தில் முதலில் கால்வைக்க வேண்டும் என்று ஆடும் மாடும் நாயும் பூனையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. வரிசை மலைத் திருப்பம் வரைக்கும் போயிற்று. ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட்.

செண்பகவல்லி வானத்தைப் பார்த்தாள். மேகம் தலைக்குமேல் வந்திருந்தது. கடைக்குட்டி அப்போதுதான் நாலு அடி மிதந்தது. அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“வாங்க, வாங்க! எல்லாரும் வீட்டு மனுஷங்க மாதிரி இருக்கணும். சொல்லுங்க, யார் பெருக்கறீங்க, யார் சேறு வார்றீங்க?”

வரிசையில் கடைசியாக நின்ற ஆடுதான் முதலில் ஓடியது.

காலியான மடுவில் கடைக்குட்டி மத்தியானம் வரைக்கும் நீந்திப் பழகிற்று. அப்புறம் மழை வந்தது. ஆறு பெருகியது. மூன்று குட்டிகளும் அதில் துள்ளி நீந்தின. கரையில் செண்பகவல்லி, கையில் துடைப்பத்தோடு, ஓடியவர்கள் போட்டுவிட்டுப் போன பாக்கெட்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

நீதி: ஓர் இடத்தின் தாங்கும் திறனை அளக்க நிபுணர் வேண்டாம், வந்தவர் கையில் துடைப்பத்தைக் கொடுங்கள். எத்தனை பேர் மிஞ்சுகிறார்களோ, அத்தனை பேரைத்தான் அந்த இடம் தாங்கும். பெரும்பாலும் ஒருத்திதான் மிஞ்சுவாள்.