உன் மச்சான் பேரைச் சொல்ல வா

மலையடி ஊர்,
மாசி மாதம், 1961

தம்பி செல்லப்பாண்டிக்கு அக்கா பொன்னுத்தாய் எழுதியது. பூம்பாறைக் குளிரில் நீயும் பிள்ளைகளும் இருமல் இல்லாமல் இருக்க முருகன் துணை. பூண்டு நல்ல விலைக்குப் போகட்டும். என் சௌகரியத்தைக் கேட்காதே. உன் மச்சான் போய் இரண்டு மாதமாகியும் காலையில் இரண்டு தம்ளர் காப்பிதான் ஆற்றுகிறேன். இரண்டையும் நானே குடித்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ வந்து உன் மச்சான் பேரைச் சொல்லணும். இல்லாவிட்டால் வீடு போய்விடும். இது நாமெல்லாம் சேர்ந்து கட்டின கூட்டுறவுச் சங்கத்து வீடு, யாரும் நம்மை எழுப்ப முடியாது என்று சொல்லிச் சொல்லித்தான் அவர் போய்ச் சேர்ந்தார். பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா ஞானவேலும், "அங்கத்தினரு செத்துப்போனா அவரு எழுதி வச்ச வாரிசுதான் அங்கத்தினரு. ஒங்களை எழுப்பச் செயலாளருக்கு அதிகாரம் கெடையாது. அவருக்கும் ஒரு ஓட்டு, ஒங்களுக்கும் ஒரு ஓட்டு. வெரசா போயி ஒங்க பேருக்கு மாத்திக்கங்கக்கா" என்றார். நானும் வெள்ளனே சங்கத்துக்குப் போனேன். செயலாளர் சுவாமிநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அங்கத்தினர் பேரு?" என்றார். புருசன் பேரை நான் எப்படிச் சொல்லுவேன்? ஜன்னல் வழியாக மலையைக் காட்டினேன். "மலைச்சாமியா?" "இல்லீங்க, இந்த ஊருப் பேரு முன்னாடி வரும்." "நம்ம சங்கத்துல பாதிப் பேருக்கு அது முன்னாடிதாம்மா வருது. பின்னாடி என்ன? அப்பனா, ஆண்டியா, சாமியா, வேலா?" சிப்பியில் விளைகிறதைப் பதித்த கம்மல் போட்டிருந்த காதைத் தொட்டுக் காட்டினேன், அதைத்தான் கழற்றியாச்சே. "காதரா?" என்கிறார். "பூம்பாறை செல்லப்பாண்டியோட மச்சானுங்க" என்று சொல்லியும் பார்த்தேன். அப்படி ஒரு அங்கத்தினரே இல்லையாம். தெரியாதா அவருக்கு? எங்கள் வீட்டில் எத்தனை பந்தியில் உட்கார்ந்தவர்! மைத்துனருக்கு வீடு தேடுகிறார், அதுதான் சோலி. "ஞாயித்துக்கெழமை பொதுக்குழு. வாரிசோ, வாரிசுக்குக் கூடப்பொறந்தவங்களோ எந்திரிச்சுப் பேரைச் சொல்லணும். இல்லேன்னா வீடு காலின்னு எழுதிருவோம்" என்று சொல்லிவிட்டார்.

எதிர்வீட்டுக் குப்பம்மாள், "புருசன் பேரைச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்பாக. இனிமே எதைக் கொறைக்க? சொல்லித் தொலை" என்கிறாள். நியாயம்தான். ஆனாலும் தம்பி, சொல்லிவிட்டால் அவர் இல்லை என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகாதா? எழுதிக் காட்டவும் கை வரவில்லை. கல்யாணமான புதுசில் இந்த ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டாமல், வத்தலக்குண்டில் "முருகன் கோயில் ஊருக்கு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டு, திருப்பரங்குன்றத்தில் போய் இறங்கி அழுதுகொண்டு நின்றேனே, நீதானே தேடி வந்து கூட்டிப்போனாய். அது மாதிரி இப்போதும் வந்துவிடு.

வடிவுக்கு என் விசாரிப்பு. உன் பையன்களுக்கு வாய்க்கிற பெண்டாட்டிமார் அவர்கள் பேரைச் சொல்லாமலே நூறு வருசம் வாழட்டும்.

இப்படிக்கு,
அக்கா பொன்னுத்தாய்

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். தபால்தலை வாங்க மறந்து கடிதம் அரிசிப் பானை மேலேயே கிடந்தது, அதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. கூட்டத்தில் செயலாளர் எழுந்து, குத்துமதிப்பாக ஒரு பேரைப் போட்டு, "காலஞ்சென்ற பழனியாண்டியின் வீடு காலி" என்று வாசித்தார். முன்வரிசையில் இருந்த பழனியாண்டி, "யோவ், நான் இங்கனதானய்யா உக்காந்திருக்கேன்!" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். "ஆண்டி இல்லய்யா, முத்து! எம் புருசன் பேரு பழனிமுத்து! அவரு வாரிசு நான்!" என்று கத்திவிட்டேன். "எழுதிக்கங்க" என்றார் ஞானவேல். வீடு என் பேருக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன். 'என்னடி, பேரைச் சொல்றே' என்று அதட்ட ஆள் இல்லை. இன்று ஒரு தம்ளர்தான் ஆற்றினேன். பங்குனியில் அங்கே வந்து திரும்பும்போது, பழனிக்கு ஒரு டிக்கெட் என்று நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.