ஒரு மல்லாட்டைக் கட்டுரையும் நாலு பேரும்

"மூணாவதா போட்டாக்கூடப் போதும்மா. எனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது" என்றார் தாவரவியல் துறைத் தலைவர் சக்கரபாணி.

அருள்ராணி விழித்தாள். கட்டுரையில் இருந்ததே ஒரே ஒரு பெயர்தான். அது அவளுடையது.

"அப்ப ரெண்டாவது யாரு சார்?"

"அது உன் இஷ்டம். நான் தலையிட மாட்டேன்."

திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அருள்ராணி தாவரவியல் ஆசிரியை. வீடு விழுப்புரத்தில். தினமும் காலை பாசஞ்சரில் வந்து சாயங்காலம் பஸ்ஸில் திரும்புகிறவள். ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. ஜூன் மாதம் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு ஒரு நல்ல ஆய்விதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும், விண்ணப்பத்தில் துறைத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும்.

கட்டுரை வந்தமாதிரிதான். பெருமுக்கல் பக்கத்தில் ஒரு நிலத்தில் ஆறு பாத்தி கட்டி, ரெண்டு வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தாள். மூன்று பாத்தியில் கடையில் வாங்கிய விதை. மூன்று பாத்தியில் அந்த நிலத்துக்காரர்கள் காலங்காலமாக எடுத்துவைத்து விதைக்கும் சொந்த விதை. எதற்கும் மருந்து அடிப்பதில்லை என்று ஏற்பாடு. கடை விதைப் பயிரில் இலைப்புள்ளி நோய் வந்து இலையெல்லாம் கறுத்து உதிர்ந்தது. பக்கத்துப் பாத்தியில் வீட்டு விதை பச்சைப்பசேல் என்று நின்றது. ரெண்டு வருஷமும் அப்படியே. அந்த விதைக்கு நோயை எதிர்க்கும் சக்தி இருக்கிறது என்று அருள்ராணி எழுதினாள். தாவர நோய்களுக்கென்றே வரும் ஓர் ஆய்விதழ் அதை ரெண்டு நிபுணர்களிடம் அனுப்பி, ஆளுக்கு நாற்பது கேள்வி கேட்கவைத்து, போன வாரம்தான் ஏற்றுக்கொண்டிருந்தது.

"சார், வேலை எல்லாம் நான்தானே பண்ணினேன்" என்றாள் மெதுவாக.

"இலையை எதுல வெச்சுப் பார்த்த?"

"மைக்ராஸ்கோப்புல."

"யார் மைக்ராஸ்கோப்பு?"

"காலேஜு மைக்ராஸ்கோப்பு சார்."

"சாவி யார்கிட்ட இருக்கு?"

அருள்ராணி அன்று சாயங்காலமே ஆய்விதழுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஒரு பெயர் விட்டுப்போய்விட்டது, சேர்த்துக்கொள்ளவும் என்று.

மறுநாள் ஆய்விதழ் அலுவலகத்திலிருந்து வெண்ணிலா என்ற பெண் பேசினாள். நூலகத்தில் பேசுகிற மாதிரி அமைதியான குரல்.

"கட்டுரைய ஏத்துக்கிட்டப்புறம் பேர் சேர்க்கிறது சாதாரண விஷயம் இல்லிங்க மேடம். அவரு என்ன வேலை செஞ்சாருன்னு தனியா எழுதணும். உங்க முதல்வர் கையெழுத்தும் சீலும் வேணும்."

சீலுக்காக முதல்வர் ராஜாமணியின் அறைக்குப் போனாள். அவர் வணிகவியல்காரர். காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"சக்கரபாணி பேரைச் சேர்க்கிறது சரி. மத்த டிபார்ட்மென்ட்காரங்க என்ன நெனப்பாங்க? பாரபட்சம்னு ஆயிடாதா?"

"அதுக்கு என்ன சார் பண்றது?"

"பொதுவா ஒருத்தர் பேரச் சேர்த்துடு."

"பொதுவான்னா?"

"முதல்வர்னா எல்லாருக்கும் பொதுதானம்மா."

என்ன வேலை செய்ததாக எழுதுவது என்று கேட்டாள். காமர்ஸ் என்றாலே நம்பர்தான், புள்ளிவிவரம் முழுக்க நான் பார்த்தேன் என்று போடு என்றார். போட்டாள். சீல் விழுந்தது.

இந்தச் சேதி ஆசிரியர் அறையை எட்ட ஒரு டீ நேரம் போதுமாயிருந்தது. ஆங்கிலத் துறை ராஜ்குமார் பிஸ்கட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"மேடம், போன தீபாவளி லீவுல உங்க இங்கிலீஷ் கட்டுரையில ஒம்போது எடத்துல 'தி' போட்டுக் குடுத்தது யாரு?"

"நீங்கதான் சார்."

"சும்மா ஞாபகப்படுத்தினேன்."

அப்போதுதான் அருள்ராணிக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. கட்டுரையின் கடைசியில் 'நன்றி' என்று ஒரு பகுதி உண்டு. உதவி செய்த எல்லாரையும் அங்கே போட்டுவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது. ராஜ்குமாரும் சரி என்றார். உற்சாகமாகப் போய்ச் சக்கரபாணியிடம் சொன்னாள்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"நன்றியிலயா? ஆண்டு விழாவுல நன்றி சொல்லும்போது கடைசியா யாரைச் சொல்லுவாங்க தெரியுமா? மைக்செட்காரரை. என்னைக் கொண்டுபோய் அங்க நிறுத்துறியே!"

முதல்வர் அவ்வளவு பேசவில்லை. "நன்றி வேண்டாம்மா, பேரே போதும்" என்றார். அவர்கள் ரெண்டு பேரும் நன்றியில் இல்லை என்று தெரிந்ததும் ராஜ்குமாரும், தனக்கும் பேர்தான் வேண்டும் என்று பிஸ்கட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். ஆக நாலு பேர்.

நாலு பேர் ஆனதும் வரிசைப் பிரச்சினை வந்தது. அழைப்பிதழில் அடிக்கிற மாதிரி பதவிப்படி போடுவதுதான் முறை என்றார் முதல்வர். முதலில் ராஜாமணி, பிறகு சக்கரபாணி, வயதில் மூத்தவர் என்பதால் ராஜ்குமார், கடைசியில் அருள்ராணி. 'மூணாவதா போட்டாக்கூடப் போதும்' என்றிருந்த சக்கரபாணி, ரெண்டாவதாக வந்ததில் கொஞ்சம் வருத்தப்பட்டார். முதலாவதாக வரவில்லையே என்று.

அந்தப் பட்டியல் போன நாலாம் நாள் வெண்ணிலா மறுபடி கூப்பிட்டாள். குரல் அதே அமைதி.

"மேடம், எங்க வழக்கப்படி புதுசா சேர்ந்தவங்க மூணு பேர்கிட்டயும் பேசினேன்."

"என்ன கேட்டீங்க?"

"பாத்திக்குப் பாத்தி எவ்ளோ இடைவெளி விட்டீங்கன்னு சக்கரபாணி சாரைக் கேட்டேன். 'தேவையான அளவு'ன்னாரு. முதல்வர் சாரை, புள்ளிவிவரத்த எந்த முறையில ஆராய்ஞ்சீங்கன்னு கேட்டேன்."

"ஐயோ. என்ன சொன்னாரு?"

"ஜனநாயக முறையிலன்னாரு."

அருள்ராணி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ராஜ்குமார் சார் மட்டும்தான் உண்மையச் சொன்னாரு மேடம். ஒம்போது 'தி'. ஆனா அதுல மூணு தப்புங்க."

இதை இனி நெறிமுறைக் குழு பார்க்கும், ஏழு நாளில் உண்மையான விளக்கம் வேண்டும், இல்லையென்றால் கட்டுரையை நிராகரித்துக் காரணத்தைக் கல்லூரி நிர்வாகத்துக்கும் எழுதுவார்கள் என்று வெண்ணிலா சொன்னாள். கூடவே ஒரு உறுதிமொழிப் படிவமும் அனுப்பியிருந்தாள். பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், விழுப்புரம் வீட்டில் கணவன் ஜூடிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் டூவீலர் ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவன். ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

"உண்மைய எழுதினா வேலை போயிடுமா?"

"எச்.ஓ.டி. கையெழுத்துப் போட மாட்டாருங்க. போனாலும் போயிடும்."

"எழுதலன்னா?"

"கட்டுரை போயிடும். அப்பவும் வேலை போயிடும்."

"அப்புறம் என்னா யோசிச்சிக்கினு இருக்க ராணி? எப்படியும் போறதுன்னா உண்மையச் சொல்லிட்டுப் போவட்டும். எங்கடையில தப்பான பார்ட்டு குடுத்துட்டன்னு தெரிஞ்சா நானே போன் பண்ணிக் கூப்பிட்டுடுவேன். திட்டுவாங்க. ஆனா மறுவாரம் அவங்களே வருவாங்க."

அவள் எழுதினாள். வேலை முழுக்க நான் செய்தது, மற்ற மூன்று பெயர்களைச் சேர்த்தது என் தவறு, பயத்தில் செய்தேன் என்று நாலே வரி. எழுதி முடித்ததும் பசித்தது. நாலு நாளைக்கு அப்புறம் முதல்தடவையாக ரெண்டு ஆப்பம் சாப்பிட்டாள்.

அனுப்புவதற்கு முன் அந்த மூன்று பேரிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று தோன்றியது. திங்கட்கிழமை கடிதத்தோடு, உறுதிமொழிப் படிவத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போனாள். கடிதத்தை நீட்ட நினைத்தவள் பதற்றத்தில் படிவத்தை நீட்டிவிட்டாள்.

சக்கரபாணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். இக்கட்டுரையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் நானும் முழுப் பொறுப்பு. நாளை இதில் பிழை என்று தெரிந்தால், கட்டுரை திரும்பப் பெறப்பட்ட செய்தி என் பெயரோடு பகிரங்கமாக வெளியிடப்படும்.

"என்னம்மா இது, ஜாமீன் கையெழுத்து மாதிரி இருக்குது?"

"பேர் போட்டா இதுல கையெழுத்தும் போடணும் சார்."

"எல்லா எண்ணுக்குமா?"

"எல்லா எண்ணுக்கும் சார்."

அவர் படிவத்தை அவள் பக்கமே நகர்த்தினார். பிறகு, தான் என்றைக்குமே இளைஞர்களுக்கு வழிவிடுகிறவன் என்று ஆரம்பித்தார். படிவம் மற்ற ரெண்டு பேரிடமும் போனது. மத்தியானம் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மூன்று விலகல் கடிதங்கள் அவள் மேசைக்கு வந்துவிட்டன. முதல்வருடையதில், அடுத்தவர் உழைப்பில் பெயர் போட்டுக்கொள்ளும் வழக்கம் தமக்குக் கிடையாது என்று ஒரு வரி இருந்தது. ராஜ்குமாருடையதில் 'தி' எங்குமே இல்லை. சக்கரபாணியோ வேலை விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டுக் கையில் கொடுத்தார்.

"என் பேரு எங்கயும் வராம மட்டும் பார்த்துக்க" என்றார்.

எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிய மறுநாள் வெண்ணிலா பேசினாள். இந்தத் தடவை அவள் குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

"குழு ஏத்துக்கிச்சு மேடம். தானா உண்மையச் சொல்றவங்க ரொம்பக் கம்மி, மனசாரப் பாராட்டினாங்க. ஒரே ஒரு கேள்வி. ரெண்டு வருஷம் தினமும் நிலத்தப் பார்த்துக்கினது நீங்களா?"

"இல்லிங்க. நான் சனிக்கிழமைல மட்டும் போவேன். மத்த நாள்ல கிருஷ்ணவேணின்னு நிலத்துக்காரம்மா பார்த்துக்கினாங்க. விதையும் அவங்களுதுதான்."

"அவங்க பேரு எங்கயும் இல்லையே மேடம்?"

அருள்ராணிக்குச் சுருக்கென்றது. வேலை செய்யாத மூன்று பேரைச் சேர்க்க அலைந்தவள், வேலை செய்த ஒருத்தியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நன்றியில் நிர்வாகம் இருந்தது, கணவன் பெயர் இருந்தது, மைக்ராஸ்கோப்பு ரிப்பேர் பண்ணினவர்கூட இருந்தார்.

"செய்யாதவங்கள சேர்க்கிறது எவ்ளோ தப்போ, செஞ்சவங்கள விடுறதும் அவ்ளோ தப்புங்க" என்றாள் வெண்ணிலா. "அவங்க செஞ்ச வேலைய ஒண்ணுவிடாம எழுதி, படிச்சுக்காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பிடுங்க. அடுத்த இதழ்லயே வந்துடும்."

சனிக்கிழமை காலை திண்டிவனத்தில் பஸ் ஏறிப் பெருமுக்கல் கூட்ரோட்டில் இறங்கி நடந்தாள். மலைமேல் கோயில் வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. நிலத்தில் கிருஷ்ணவேணி மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது, சேலைக்கு மேல் கணவனின் பழைய சட்டை. விஷயத்தைக் கேட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

"எம் பேரா? பொஸ்தகத்துலயா?"

"ஆமாங்க. உலகம் பூரா படிப்பாங்க. உங்க வூட்டு வெதை அவ்ளோ ஒசத்தி. மருந்தே இல்லாம நோயத் தாங்குது."

கிருஷ்ணவேணியின் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குத் தெரியும் டீச்சர். எங்க வெதைய யாரும் சொம்மா நெனச்சுடக் கூடாது."

ரெண்டு பேரும் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். அருள்ராணி காகிதத்தைப் பிரித்து நிதானமாகப் படித்தாள். விதை கொடுத்தது, ஏர் ஓட்டியது, பாத்தி கட்டியது, தண்ணீர் பாய்ச்சியது, களை எடுத்தது, காய்ந்து விழுந்த இலைகளை எண்ணிவைத்தது. ஒவ்வொன்றுக்கும் கிருஷ்ணவேணி "ஆங்", "ஆங்" என்று தலையாட்டினாள். படிக்கப் படிக்க அருள்ராணிக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எல்லாம் அவரவர் பெயரில், அவரவர் இடத்தில். இந்த மாதிரி ஒரு சனிக்கிழமை வந்து எவ்வளவு நாளாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பேனாவை நீட்டினாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க செஞ்சதுல ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

கிருஷ்ணவேணி பேனாவை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். குறை சொல்வதாக நினைத்துவிடப்போகிறாளே என்று ரொம்பப் பணிவாகத்தான் சொன்னாள்:

"எல்லாம் சரியாத்தான் எழுதிக்கினு வந்துகிறீங்க டீச்சர், கடை வெதைக்கு முன்னால எங்க வெதை தோத்துடக் கூடாதுன்னு, நீங்க பஸ் ஏறினதும் எங்க பாத்திக்கு மட்டும் வாராவாரம் மருந்தடிச்சேனே, அத மட்டும் வுட்டுட்டீங்க."