சூடான வியாழன்

சிவப்பிரகாசம் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வாரம் ஆளைப் பிடித்தே தீருவது.

பத்து நாளாக மனைவி நளினி போனில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள். அவர் குளிக்கப் போனால் பேச்சு ஆரம்பிக்கும். தண்ணீர்ச் சத்தம் நின்றால் பேச்சும் நிற்கும். அன்று குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு நுரையோடு கதவில் காதை வைத்தார். ஜங்லிகாட்டில் அவர்கள் சந்துக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அதில் இரண்டு வாளி சாக்கடைக்குப் போனது. போகட்டும்.

"வியாழன் பயங்கர சூடு, ஸ்வப்னா. ஒட்டிக்கிட்டே சுத்தும். நாலு மணிக்கு வரேன், பேசிக்கலாம். இவருக்குத் தெரிய வேணாம்."

ஸ்வப்னா யாரென்று தெரியும். மரைன் ஹில்லில் இருக்கும் சிநேகிதி. ஒட்டிக்கொண்டே சுற்றுகிறவன் யார்?

வியாழக்கிழமை கப்பல் டிக்கெட் கவுன்டருக்கு லீவு போட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கேஸ் சிலிண்டர்க்காரர் வந்தார். சிவப்பிரகாசம் அவரிடம் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். ஆதார் கார்டு கேட்பதற்குள் நளினி வந்துவிட்டாள்.

"என்னங்க, இன்னைக்கு லீவா?"

"வியாழனாச்சே."

"அதுக்கு?"

"சூடா இருக்கு."

அவள் ஒரு நொடி அவரையே பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஃபேனைப் போட்டுக்குங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு நோட்டு அகப்பட்டது. முந்தாநாள் துழாவியபோது அங்கே இல்லாத நோட்டு. அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. படபடவென்று புரட்டினார்.

'சூடான வியாழன்: பிரமாண்ட உருவம். உள்ளே பெரும்பாலும் வாயு. நெருங்கிச் சுற்றும். சி.வி.'

அவரையறியாமல் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார். சி. என்றால் சிவப்பிரகாசம். வி.? கொஞ்சம் யோசித்தார். விளங்காதவன்.

அடுத்த வரி இன்னும் மோசம்.

'சூப்பர் பூமி: கனமானது. காலூன்ற உறுதியான தரை இருக்கலாம். தண்ணீர் இருந்தால் உயிர் வாழ வாய்ப்பு உண்டு. நெ.வி.'

ஆக, ஆம்பளைகளை வகை பிரித்திருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. காலூன்றத் தரை தருகிற இந்த நெ.வி. யார்? அவனுடைய வி.க்கு மட்டும் வித்தகன் என்று அர்த்தமாக இருக்கும்!

ஆபீசில், கட்சால் தீவுக்குப் போகும் கப்பலின் பயணிகள் பட்டியலை அலசினார். அத்தனை பேரில் 'நெ' ஒன்றே ஒன்று. நெல்சன், வயது எழுபத்தாறு, சக்கர நாற்காலி தேவை. சிவப்பிரகாசத்துக்கு அவர் மேலும் முழு நம்பிக்கை வரவில்லை.

நளினியிடம் கேட்கவும் வழியில்லை. கேட்டால் நோட்டைத் திருடிப் படித்தது வெளியே வரும். கேட்காவிட்டால், இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு 'உள்ளே வாயு' என்ற பெயரோடு சாக வேண்டும். ஒரே வழிதான். தானே சூப்பர் பூமி ஆகிவிடுவது.

தண்ணீர் வேண்டுமா? வீட்டில் இருந்த டிரம், அண்டா, டம்ளர் வரை நிரப்பினார். உறுதியான தரையா? இரண்டு வேளையும் துடைத்தார். பாத்திரம் கழுவினார். மீன் ஆய்ந்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இராமகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். "க்யா ஹுவா, என்ன ஆச்சு சிவா பாய்? மீனெல்லாம் நீங்க ஆயுறீங்க?"

"உயிர் வாழ வாய்ப்பு வேணும் சார்."

"அவ்வளவு மோசமாயிடுச்சா?" என்று இரக்கத்தோடு தலையை இழுத்துக்கொண்டார்.

நளினியோ தினமும் நாலு மணிக்குத் தலைவாரிக்கொண்டு மரைன் ஹில்லுக்குக் கிளம்பினாள். பத்தாம் நாள், கையில் துடைப்பத்தோடு வழி மறித்தார் சிவப்பிரகாசம்.

"உண்மையைச் சொல்லு. யாரு அந்த நெ.வி.?"

"நெடு வினா."

"எந்த ஊர்க்காரன்?"

"பரீட்சையில பத்து மார்க்குக்கு வருங்க. சி.வி.ன்னா சிறு வினா, ரெண்டு மார்க். நானும் ஸ்வப்னாவும் தபால்ல டிகிரி படிக்கிறோம். வேற சூரியன்களைச் சுத்துற கோள்களை வகை பிரிக்கிற பாடம் அது. வியாழன்னா கிழமை இல்ல, கிரகம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"போன வருஷமே சொன்னேன். படிச்சுக் கலெக்டராகப் போறியான்னு கேட்டீங்க."

கேட்டது ஞாபகம் வந்தது. விழுந்து விழுந்து சிரித்ததும் ஞாபகம் வந்தது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நெ. என்று ஒருவன் இல்லை! தாராள மனசோடு கேட்டார்: "சரி சரி, படி. பரீட்சை எப்போ?"

"போன திங்கக்கிழமையே முடிஞ்சிருச்சு."

"அப்புறம் தினம் நாலு மணிக்கு எங்க போற?"

"கடல் பாக்க. வீட்டு வேலைதான் தானா நடக்குதே."

அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. இராமகிருஷ்ணனின் மனைவி சொர்ணம்மா நின்றிருந்தாள். நளினி நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கணவர் பக்கம் மரியாதையாகத் திரும்பினாள்.

"என்னங்க, அக்கா வீட்டுக்காரர் இதைத் தானே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கணுமாம். எங்க வச்சா அகப்படும்னு நீங்களே சொல்லுங்க."