மஞ்சள் சீட்டு ஒட்டிய இடத்தில் கையெழுத்து

பரீட்சைக்குப் பயந்த பரம்பரை இல்லை எங்களுடையது. போன மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டுச் சமையலறையில், கையில் தோசைக் கரண்டியோடு நின்று இதை அறிவித்தேன். கரண்டி எதற்கு என்று கேட்காதீர்கள். புதன்கிழமை தோசை என் முறை.

விஷயம் இதுதான். நாலாவது படிக்கும் என் மகள் கயலுக்கு ஏப்ரல் கடைசியில் ஸ்டேட் டெஸ்ட். மாநிலம் முழுக்கப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். வேண்டாமென்றால் ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் கொடுத்தால் போதும். அந்த நேரம் பிள்ளை லைப்ரரியில் கதைப் புத்தகம் படிக்கலாம். பக்கத்து வீட்டு ஜூடித் தன் மகள் ஆஷ்லிக்கு லெட்டர் கொடுத்துவிட்டாளாம், நாமும் கொடுத்துவிடலாம் என்றாள் என் மனைவி கண்மணி.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் டெஸ்ட் வாரத்தில் ஸ்கூல் நர்ஸ் மூன்று தடவை போன் செய்தார். கயலுக்கு வயிற்று வலி. மூன்றாம் நாள் காருக்குள்ளேயே வாந்தி எடுத்தாள். "ஐ ஆம் டம்ப், அப்பா" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் பிள்ளைக்குத் தைரியம் சொல்லித்தராதவன் என்ன அப்பன்?

"லெட்டரெல்லாம் கிடையாது. நான் பப்ளிக் எக்ஸாம்ல கோபி தாலுக்காவிலேயே ரெண்டாவது. என் பொண்ணு ஓடி ஒளியறதா?"

கண்மணி சண்டை போடவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில், அவள் சண்டை போடாமல் விட்ட இடத்திலெல்லாம் நான்தான் தோற்றிருக்கிறேன்.

"சரிங்க, நீங்களே ட்ரெயின் பண்ணுங்க," என்றாள். "ஆனா பக்கத்துல உக்காந்து நீங்களும் எழுதுங்க. அப்பாவே எழுதறாரேன்னு அவளுக்கும் தைரியம் வருமில்லைங்க."

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் இரண்டு லேப்டாப். பழகிப் பார்க்க ஒரு மாதிரி டெஸ்ட், பரீட்சை நடத்துகிறவர்களின் வெப்சைட்டிலேயே இருந்தது. கண்மணி மைக்ரோவேவில் எழுபத்தைந்து நிமிஷம் டைமர் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள்.

முதல் கேள்வி, ஒரு தோட்டத்தில் முக்கால் பங்கு தக்காளி. மனக்கணக்காகவே போட்டு விடையைத் தட்டினேன். அடுத்த வரியில், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று படம் வரைந்து விளக்கச் சொன்னார்கள். எங்கள் ஊரில் விடை சரியாக வந்துவிட்டால் எந்த வாத்தியாரும் அதற்கு மேல் நோண்ட மாட்டார். என்னத்தை வரைவது? தக்காளியை வரைந்தேன்.

அடுத்தது ஒரு தவளைக் கதை. தவளை ஏன் தயங்கியது, கதையிலிருந்து இரண்டு ஆதாரம் காட்டு என்றார்கள். மூன்று தடவை படித்தேன். தவளை தயங்கியதாகவே எனக்குத் தெரியவில்லை. தயங்கியது நான்தான். வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது.

அந்தப் பிசைவு எனக்குப் பழக்கம். தாலுக்காவில் ரெண்டாவது வந்தேன் என்றேனே, அந்தக் கணக்குப் பரீட்சைக்கு முன்னால் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்ததை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே வந்து டிரைவிங் டெஸ்டில் நாலு தடவை ஃபெயிலானதும் இதே வயிற்றால்தான்.

"அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள் கயல்.

வயிறு லேசாக ஒரு மாதிரி இருக்கிறது என்றேன். அவள் தன் லேப்டாப்பை மூடிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் சொல்லிக்கொடுத்ததாம், பூவை மோந்து பார்க்கிற மாதிரி மூச்சை இழுக்க வேண்டும், மெழுகுவர்த்தியை ஊதுகிற மாதிரி விட வேண்டும். இரண்டு பேரும் பூவை மோந்தோம், மெழுகுவர்த்தியை ஊதினோம்.

"எனக்கும் இப்டித்தான் அப்பா வலிக்கும்," என்றாள், தனக்கு வருகிற கொஞ்சத் தமிழில்.

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்பது வயசு, கால் தரையைத் தொட்டது. இந்த வலியிடம் போய் இத்தனை நாள் தைரியம் பேசியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

"எனக்கு இன்னிக்கும் பரீட்சைன்னா பயந்தான் சாமி. அதனாலதான் மூணு வருஷமா சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணாம இருக்கேன். அதுலயும் கேள்வி கேப்பாங்க."

சொன்ன பிறகுதான் கண்மணி கேட்டுக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது. அவள் போன வருஷமே பாஸாகி சிட்டிசன் ஆனவள். அவளிடம் நான் சொல்லிவைத்திருந்த காரணம், ஆபீஸில் வேலை. அவள் திரும்பாமல் வெங்காயம் நறுக்கினாள்.

"லெட்டரைக் கொண்டா கண்மணி," என்றேன்.

எங்கள் வீட்டில் காகிதம் என்றாலே அவள் இலாகா. எங்கே மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறதோ அங்கே நான் கையெழுத்துப் போடுவேன். பதினொரு வருஷத்தில் ஒன்றையும் படித்ததில்லை. அன்றைக்கு மூன்று மஞ்சள் சீட்டு இருந்தன. மூன்றிலும் போட்டேன். பேனாவை மூடும்போது, என்னைவிட நல்ல அப்பன் நியூஜெர்சியில் இல்லை என்று தோன்றியது. பிறகுதான் ஒரு சந்தேகம்.

"ஒரு லெட்டருக்கு எதுக்கு மூணு கையெழுத்து?"

"முதல்ல போட்டது ஸ்கூலுக்குங்க. மத்த ரெண்டும் உங்க சிட்டிசன்ஷிப்புக்கு. ஃபில் பண்ணி ரெண்டு வாரமாச்சு, கையெழுத்துதான் பாக்கி இருந்துச்சு."

"ரெண்டு வாரமாவா? அப்ப என் பயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாலு டிரைவிங் டெஸ்ட்டுக்கும் உங்க கூட வந்தவளுங்க நானு," என்றாள் கண்மணி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றுதான் சொன்னாள்.

நானும் ஒரு லெட்டர் கொடுத்துவிட்டு லைப்ரரியில் உட்கார முடியாதா என்று கேட்டுப் பார்த்தேன். அந்த வசதி நாலாம் கிளாஸோடு சரியாம்.

ஏப்ரல் கடைசியில் கயல் லைப்ரரியில் மூன்று கதைப் புத்தகம் படித்து முடித்தாள். வயிற்று வலி இல்லை. நர்ஸ் போன் செய்யவில்லை. தினமும் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும், நூற்றுச் சொச்சம் சிட்டிசன்ஷிப் கேள்விகளிலிருந்து பத்தை எடுத்து என்னைக் கேட்கிறாள். கண்மணி மைக்ரோவேவில் டைமர் வைக்கிறாள். நான் திணறினால், பூவை மோந்து பாருங்கப்பா என்கிறாள் கயல்.

பரீட்சைக்குப் பயந்த பரம்பரை இல்லை எங்களுடையது. ஆனால் இப்போதைக்கு இந்த வீட்டில் பரீட்சைக்குப் படிப்பது நான் ஒருவன்தான்.