இல்லாத மில்லுக்குச் சாட்சி

உழைத்து முன்னுக்கு வந்தவர் என்று நாலு பேர் சொல்லும்போது இனிக்கத்தான் செய்கிறது. ‘பரம்பரையாகவே பெரிய குடும்பம்’ என்று சொன்னால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும். அந்தக் கூடுதல் இனிப்புக்கு ஆசைப்பட்டு, ஓடிக்கொண்டிருந்த மில்லையே இழக்கப் பார்த்தவன் நான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். (“வேற எதப் பத்திச் சொல்லியிருக்கீங்க?” என்கிறாள் என் மனைவி மும்தாஜ்.) படிப்பு அஞ்சாம் வகுப்பு. அதிலும் கடைசி வருஷம் வாத்தியாரும் நானும் அதிகம் சந்தித்துக்கொள்ளவில்லை. சவூதியில் லாரி ஓட்டிச் சேர்த்த காசோடு திரும்பி வந்து, தஞ்சாவூருக்குக் கிழக்கே கருவேலங்காடாகக் கிடந்த இடத்தை வாங்கி நவீன அரிசி ஆலை கட்டினேன். கறுப்பரிசியைக் கேமராக் கண்ணால் பார்த்து ஊதித் தள்ளுகிற மெஷினை எங்கள் வட்டாரத்தில் முதலில் இறக்கியவன் நான்தான். (ரெண்டாவது ஆள் என்று மும்தாஜின் அண்ணன், அதாவது என் மச்சான் சொல்வார். அவர் பேச்சை விடுங்கள்.)

இந்த மில்லுக்கு அரசாங்கச் சலுகை கிடைத்தது. புதிதாகத் தொழில் தொடங்கும் கம்பெனிகளுக்கு மெஷின் விலையில் ஒரு பங்கு மானியம், சில வருஷத்துக்குக் கரண்ட் கட்டணத்தில் தள்ளுபடி. அதற்காகவே நானும் மும்தாஜும் டைரக்டர்களாகி ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்தோம். (போர்டு மீட்டிங் அடுப்படியில் நடக்கும். தீர்மானம் எல்லாம் அவள் பக்கம்.) முக்கியமான நிபந்தனை ஒன்று: தொழில் புதிதாக இருக்க வேண்டும். பழைய மில்லை மூடிவிட்டு, அதே மெஷினுக்குப் பெயின்ட் அடித்து வேறு பெயரில் திறப்பவர்களுக்குச் சலுகை கிடையாது.

ஆனால் அரிசி வியாபாரம் வேறு மாதிரி. தஞ்சாவூர்க் கடைக்காரரிடம் புது மில் அரிசி என்று சொல்லிப் பாருங்கள், மூட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். பழைய மில், பழைய கை என்றால்தான் மரியாதை. நானும் வாசலில் பெரிய போர்டு வைத்தேன்: ‘மூன்று தலைமுறைப் பாரம்பரியம்.’ ஆபீஸ் அறையில் என்னைப் பெற்ற அத்தா படம். அத்தா இடுப்பு லுங்கிக்கு மேலே எதையும் போட்டு நான் பார்த்ததில்லை. ஸ்டுடியோக்காரர் கோட்டு போட்டுக் கொடுத்தார். தாத்தா போட்டோவே எடுத்துக்கொண்டதில்லை. அதனால் பழைய சாமான் கடையில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவரை ஃபிரேமோடு வாங்கி அத்தாவுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

ஒரு சம்பா அறுவடை நேரம். மாவட்டத் தொழில் ஆபீசிலிருந்து போன் வந்தது. தனியார் கம்பெனிகளுக்குக் கொடுத்த சலுகையெல்லாம் சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறதா என்று தணிக்கைக்கு வருகிறார்களாம். பயப்பட நமக்கென்ன இருக்கிறது? மில்லைக் கழுவிவிட்டேன். மட்டன் பிரியாணிக்குச் சொன்னேன்.

வந்தவர் ஒரு மேடம். என் மகள் வயசுதான் இருக்கும். தோளில் துணிப்பை, அதற்குள் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ். “டீ கூட வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டார். கூட வந்த தொழில் ஆபீஸ் அதிகாரிதான் பிரியாணி வாசம் வந்த திசையை ஒரு தடவை பார்த்தார்.

“எவ்வளவு காலமா மில் நடத்துறீங்க?” என்று கேட்டார் மேடம்.

சும்மா இருந்திருக்கலாம். மில் போட்ட வருஷத்தைச் சொல்லியிருக்கலாம்.

“நானா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து மேடம். அரண்மனைக்கே அரிசி அளந்தவரு.”

“அப்படியா? அப்ப மில் எங்க இருந்துச்சு?”

“ஆத்தங்கரையில மேடம். நீராவியில ஓடும். சங்கு ஊதினா மூணு ஊருக்குக் கேக்கும்.” எப்படி ஊதும் என்று ஊதியும் காட்டினேன். வெளியே லோடுமேன்கள் சாப்பாட்டு நேரம் என்று நினைத்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டார்கள்.

தொழில் ஆபீஸ் அதிகாரி இருமினார். நான் பனங்கற்கண்டு போட்டுப் பால் கொண்டு வரச் சொன்னேன். மறுபடி இருமினார். மிளகும் போடச் சொன்னேன்.

“அந்த மெஷினெல்லாம் என்னாச்சு சார்?”

“எல்லாம் இங்கதான் இருக்கு! பரம்பரைச் சொத்தாச்சே, ஒரு போல்ட்டக்கூட விக்கல.”

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

“அப்ப இது புது யூனிட் இல்ல. பழைய மில்லத்தான் இடம் மாத்தியிருக்கீங்க. இந்தச் சலுகை உங்களுக்கு வராது. வாங்கின மானியம், தள்ளுபடி எல்லாத்தையும் வட்டியோட திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.”

அதைக் கட்டினால் பேங்க் கடனுக்குக் கட்ட ஒன்றும் மிஞ்சாது. களத்தில் சம்பா நெல் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. மில்லைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் லாரி ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியதுதான்.

“மேடம், நான் சொன்னது பொய் மேடம்!”

“எது பொய் சார்? அப்ப சொன்னதா, இப்ப சொல்றதா?”

“தாத்தா பொய், சங்கு பொய், அரண்மனை பொய்…”

“சலுகை போகுதுன்னா எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க.” எழுந்து சுவரைப் பார்த்தார். “தாத்தாவும் பொய்யா?”

“அவரு யாருன்னே எனக்குத் தெரியாது மேடம்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “நெத்தியில நாமம் போட்டிருக்காரு.”

இத்தனை வருஷத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

“மெஷின் பில் எல்லாம் புதுசுதான் மேடம்” என்றேன்.

“பில்லு எல்லாருமே புதுசாத்தான் வெச்சிருக்காங்க. அதனாலதான் நேர்ல வர்றோம். நாளைக்கும் வருவேன். உங்க குடும்பத்தப் பழசுலேர்ந்து தெரிஞ்சவங்க, உங்ககிட்ட சம்பளம் வாங்காதவங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க. பேசிப் பாக்கறேன்.”

இருக்கிற மில்லை இருக்கிறது என்று காட்டலாம். இல்லாத மில்லை இல்லை என்று எப்படிக் காட்டுவது? தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மும்தாஜ் யோசிக்கவேயில்லை.

“எங்கண்ணனக் கூப்பிடுங்க.”

அவள் அண்ணன் சாதிக், நாகப்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஒன்றுமில்லாதவனுக்குத் தங்கச்சியைக் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர். அதற்குப் பழி வாங்குவதற்காகவே அவர் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் என் பெருமையைப் பந்தி பந்தியாகப் பரிமாறியிருக்கிறேன். அவருக்குப் போன் போட்டேன்.

“மச்சான், நான் ஒண்ணுமில்லாதவன்னு வந்து சொல்லணும்.”

அந்தப் பக்கம் கடைப் பையனிடம் ரேடியோவை நிறுத்தச் சொன்னார் மச்சான்.

“மாப்ள, இன்னொரு தடவ சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடறேன்.”

சொன்னேன். கடையில் பத்து பேராவது இருந்திருப்பார்கள். சிரிப்பு எனக்குக் கேட்டது.

“கல்யாணத்துலேர்ந்து இதத்தான் சொல்லிட்டு இருக்கேன். இப்பத்தான் அரசாங்கத்துக்குக் காது கேட்டிருக்கு. காலையில வர்றேன்.”

பெருநாள் சட்டை போட்டுக்கொண்டு வந்தார் மச்சான். கூடவே கலியபெருமாளையும் காரில் ஏற்றி வந்திருந்தார். அத்தாவோடு ஒரே மில்லில் மூட்டை தூக்கியவர் அவர்; இப்போது மகன் வீட்டில் இருக்கிறார்.

“மேடம், பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி நான் தெருத்தெருவா விசாரிச்சவன்” என்று ஆரம்பித்தார் மச்சான். “பள்ளிவாசல்ல கேட்டேன், டீக்கடையில கேட்டேன், முடிவெட்டற கடையில கேட்டேன். இவங்களுக்கு மில்லும் இல்ல, நிலமும் இல்ல. குடியிருந்தது வாடகை ஓட்டு வீடு. மழை பேஞ்சா மாப்ளயே பானையைத் தூக்கிக்கிட்டு அந்தண்ட இந்தண்ட ஓடுவாராம். இருந்த ஒரே சொத்து, அவங்க அத்தாவோட கைவண்டி. அதாவது இருக்கேன்னுதான் சம்மதிச்சேன்.”

“கைவண்டியா?” என்றார் கலியபெருமாள்.

“நீங்கதானே சொன்னீங்க, வண்டி சொந்தம்னு?”

“பொண்ணு குடுக்கறவுக வந்து கேட்டா என்னத்தங்க சொல்றது? அதுவும் வாடகைதான்.”

மச்சான் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். இத்தனை வருஷம் கழித்து ஏமாந்த முகம். மேடம் முதல் தடவையாகச் சிரித்தார்.

கலியபெருமாள் சுவரில் இருந்த அத்தா படத்துக்குக் கிட்டே போய் நின்றார். “யாரு இது, ராவுத்தரா? ராவுத்தருக்குக் கோட்டு ஏது? அவிச்ச நெல்லு ஆவியில வேல பாக்கறவரு, துண்டே தோள்ல தங்காது. மழை இருட்டிக்கிட்டு வந்தா அடுத்தவன் நெல்லுன்னு பாக்க மாட்டாரு, ஓடிப் போயி மூடிப்புட்டு, தான் நனைஞ்சுகிட்டு நிப்பாரு. நீ ஏம் தம்பி அவர இந்த வேக்காட்டுல நிறுத்தி வெச்சிருக்க?”

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. நெல் அவிக்கிற அந்த வாசம், வெயிலில் சுடுகிற களத்தில் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே அத்தா பின்னால் நடந்தது, உமிக் குவியலில் படுத்தால் வரும் இளஞ்சூடு. மேடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைச் சிந்துவதற்காக வெளியே போனேன். (பிரியாணிக்கு இடித்த மிளகு நெடி ஏறியதால் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.)

திரும்பி வந்தபோது, மச்சானும் கலியபெருமாளும் சொன்னதை மேடம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து போய் ஒவ்வொரு மெஷினாகத் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், நம்பரை ஒத்துப் பார்த்தார். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டார்.

“புது யூனிட்தான் சார். சலுகை சரியாத்தான் போயிருக்கு” என்றார் கிளம்பும்போது. “உங்களுக்குப் பரம்பரை எதுவும் கிடையாது. நல்லா விசாரிச்சுட்டேன்.”

அவ்வளவு சந்தோஷமாக அந்த மாதிரி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. அன்றைக்கும் போட்டிருந்த பிரியாணி முழுவதையும் லோடுமேன்களும் மச்சானும் தீர்த்தார்கள். மச்சான் மூன்று தடவை வாங்கிக்கொண்டார்.

போன வருஷம் பேத்திக்குப் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெரிய இடம். “உங்க பூர்வீகம் எப்படிங்க?” என்று கேட்டார் பையனின் தகப்பனார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மும்தாஜ் உள்ளேயிருந்து குரல் கொடுத்துவிட்டாள்:

“பூர்வீகமெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. அரசாங்கமே வந்து தேடிப் பாத்துட்டுப் போயிருச்சு.”

வீடே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. நானே முழுக் கதையையும் சொன்னேன், கொஞ்சம் கூட்டித்தான். சம்பந்தம் முடிந்தது. நாலு தலைமுறைப் பெருமை பேசுகிறவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒன்றுமே இல்லாமல் ஆரம்பித்தவன் என்று அரசாங்கம் தணிக்கை பண்ணி ஒப்புக்கொண்ட ஆள் என்னைத் தவிர இந்த ஜில்லாவில் வேறு யாராவது இருக்கிறார்களா? இருந்தால் கூட்டிவாருங்கள், பார்ப்போம்.