தாலினில் தலையாட்டியவன்

அறுபத்தெட்டாவது வயதில் நான் ஒரு மாபெரும் தீர்மானத்துக்கு வந்தேன். என் மனைவி ஹெல்காவை வெளிநாட்டுக்கு அழைத்துப்போவது. மூன்று நாள். கோட்டை, கோபுரம், கல் பாவிய தெரு எல்லாம் இருக்கிற ஒரு பழைய ஊருக்கு. கேள்விப்பட்டவர்கள், "தௌனோவுக்கு இந்த வயசுல பெண்டாட்டி மேல இவ்வளவு பிரியமா!" என்று வியந்தார்கள்.

பிரியம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காரணம் அது இல்லை. காரணம் என் காது.

கோவ்வோலா பக்கத்தில் ஒரு காகித ஆலையில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்தவன் நான். இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இன்ஜினியர்கள் வந்து பிரித்துப் பார்த்துவிட்டு, "தௌனோ சொன்னதுதான்" என்று தலையைச் சொறிவார்கள். காதுக்கு மூடி கொடுத்தார்கள். நான் போடவில்லை. பாடகன் வாயைக் கட்டிக்கொண்டா பாடுவான்? அந்தத் திமிருக்கு, ஓய்வு பெற்ற பிறகு காது வஞ்சம் தீர்த்துக்கொண்டது. முதலில் குருவிகள் போயின. பிறகு கதவு மணி போயிற்று. பிறகு ஹெல்கா போனாள். ஆள் இருந்தாள். குரல்தான் போயிற்று.

யாருக்கும் தெரியவில்லை. ஃபின்லாந்தில் இது ஒரு வசதி. இங்கே பேசாதவனை யாரும் செவிடன் என்று சந்தேகப்படுவதில்லை, மரியாதைக்காரன் என்பார்கள். சௌனாவில் வெந்நீராவிக்கு நடுவே உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். டிவியில் வெளிநாட்டுப் படத்துக்கெல்லாம் கீழே எழுத்து ஓடும். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவேன். ஆலைச் சத்தத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்வோம். முதுகுக்குப் பின்னால் பேசினால் என்னிடம் மூன்று வார்த்தை இருந்தது. 'சரி.' 'நல்லதுதான்.' 'பாக்கலாம்.' இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே நடத்திவிடலாம். நான்கு வருடம் நடத்தினேன்.

ஏப்ரலில் ஒரு காலை மாட்டிக்கொண்டேன். நான் கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஹெல்கா அடுப்பைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். அன்றைக்கென்று அரைகுறையாகக் கேட்டுத் தொலைத்தது.

"காட்டைக் காட்டணுமா? யாருக்கு?" என்றேன்.

அவள் திரும்பினாள். "என்னது?"

"காட்டுக்கு இப்ப எதுக்கு ஹெல்கா? காளான் முளைக்க இன்னும் நாலு மாசம் இருக்கு."

காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கிட்டே வந்தாள். "காட்டை இல்லை. காதை. உன் காதை டாக்டர்கிட்ட காட்டணும்னு சொன்னேன்."

"என் காதுக்கு என்ன குறைச்சல்? நீதான் இப்பல்லாம் வார்த்தையை முழுங்கறே. வேணும்னா உன் பல்லைக் காட்டு."

சண்டை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அது தையற்காரர் அளவெடுக்கிற பார்வை.

நேராக ஒலாவியிடம் போனேன். ஆலையில் என் பக்கத்து இயந்திரத்தில் இருந்தவன், இப்போது பக்கத்து வீடு. ஏரிக்கரையில் படகைக் கவிழ்த்துப்போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தான்.

"ஹெல்கா காதைக் காட்டச் சொல்றா!" என்றேன்.

"காசைக் காட்டச் சொல்றாளா? காட்டாதே!"

"காதுடா! காது!"

அக்கரையில் ஒரு நாய் குரைத்ததாக அப்புறம் சொன்னார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அதுவும் கேட்கவில்லை.

விஷயம் புரிந்ததும் ஒலாவி தார்க்குச்சியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு ஒரு மந்திரம் உபதேசித்தான். "போன வருஷம் ரோமுக்குப் போனேன் பாரு. அங்கே எனக்குக் காது கேக்கலைன்னு ஒருத்தனும் சொல்லலை. பாஷை புரியலைன்னு நெனச்சுக்கிட்டானுங்க. சைகை காட்டிச் சிரிச்சானுங்க. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனானுங்க. வெளிநாட்டுல எல்லாருமே செவிடுதாண்டா!"

அப்படிப் பிறந்ததுதான் என் தீர்மானம். பாஷை தெரியாத ஊரில் மூன்று நாள். அங்கே நான் வழி கண்டுபிடித்து, மிடுக்காக நடந்து, எதற்கும் 'என்ன, என்ன' என்று கேட்காமல் இருந்தால், ஹெல்காவின் சந்தேகம் தானாக அடங்கிவிடும்.

நூலகத்திலிருந்து தடியான ஒரு பயணப் புத்தகம் எடுத்து வந்து மேஜை மேல் விரித்தேன். "ஹெல்கா, நாம ரெண்டு பேரும் ப்ராக் போறோம்!"

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி ஒரு நொடி பார்த்தாள். முகம் மலர்ந்தது. மறுபடி குழாய்ப் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னாள்.

"சரி" என்றேன்.

இன்னும் ஏதோ சொன்னாள்.

"நல்லதுதான்" என்றேன்.

பத்து நாள் கழித்து மேஜை மேல் இரண்டு டிக்கெட் இருந்தது. கப்பல் டிக்கெட்.

"ப்ராக்குக்குக் கப்பல் போகாதே?"

"தாலினுக்குப் போகும். அன்னிக்கே சொன்னேனே? ப்ராக் ரொம்ப தூரம். தாலின்னா ஹெல்சிங்கியில ஏறினா ரெண்டு மணி நேரம். அங்கயும் கோட்டை இருக்கு, கோபுரம் இருக்குன்னு. நீதான் சரின்னே."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? கேட்கவில்லை என்று சொன்னால் காது போயிற்று. கேட்டது என்று சொன்னால் ப்ராக் போயிற்று. "ஆமா ஆமா, சொன்னே" என்றேன்.

தாலினில் என்ன கஷ்டம் என்றால், அந்த ஊரில் ஓட்டல்காரர், கடைக்காரர், காப்பி ஊற்றுகிற பெண் எல்லோருக்கும் ஃபின்னிஷ் தெரியும். செவிடாக இருக்க அதைவிட மோசமான வெளிநாடு கிடையாது.

மே மாதம் போய் இறங்கினோம். முதல் நாள் மதில் சுவரை ஒட்டி நடந்தோம். காற்று பலமாக இருந்ததால் இருவருமே பேசவில்லை. தப்பித்தேன். மறுநாள் காலை ஓட்டலில் என் எதிரே உட்கார்ந்து, உதடு நன்றாகத் தெரியும்படி ஹெல்கா சொன்னாள்.

"பத்து மணிக்கு வழிகாட்டியோட ஊரைச் சுத்தப் போறோம். ரெண்டு மணி நேரம். கூட்டமா இருக்கும். நீ பின்னாடி நின்னுக்கோ, உனக்குத்தான் நெரிசல் பிடிக்காதே."

நகரமன்றச் சதுக்கத்தில் இருபது பேர் நின்றார்கள். நடுவில் சிவப்புக் குடையோடு ஒரு இளம்பெண். நான் எல்லோருக்கும் பின்னால். குடையும் தலைகளும்தான் தெரிந்தன. அவள் வாய் எப்போதாவது ஒரு தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து மறைந்தது.

நான் என் தொழிலை ஆரம்பித்தேன். அவள் கோபுரத்தைக் காட்டினால் கோபுரத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். கதவைக் காட்டினால் புருவத்தை உயர்த்தினேன். எல்லோரும் சிரித்தால் நானும் சிரித்தேன். அரை நொடி தாமதமாக, ஆனால் அவர்களைவிடக் கூடுதலாக. நம் ஊர்க்காரர்கள் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததே இல்லை. கையை வீசி வீசிப் பேசினார்கள். ஒருவர் என் தோளில் தட்டினார். கடல் தாண்டினால் ஃபின்லாந்துக்காரன்கூட மனுஷனாகிவிடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தேவாலய வாசலில் வழிகாட்டி ஏதோ கேட்டாள். இளசுகளாக இரண்டு ஜோடி கை தூக்கியது. 'முதல் தடவை வந்தவர்கள் யார்' என்றுதான் கேட்டிருப்பாள் என்று நானும் தூக்கினேன். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒரே கைதட்டல். ஒரு அம்மாள் ஹெல்காவைக் கட்டி முத்தம் கொடுத்தாள். ஹெல்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

சுற்று முடிந்து ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். பாதாம் இனிப்பு வந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றாள் ஹெல்கா.

"பிரமாதம். அந்தப் பொண்ணுக்கு நல்ல ஞானம்."

"அவ பேசினது எல்லாம் புரிஞ்சுதா?"

"ஒரு வார்த்தை விடலை. நம்ம ஃபின்னிஷை எவ்வளவு சுத்தமா பேசறா பாரு! உன்னைவிடத் தெளிவு."

கடைசி வாக்கியம் தேவை இல்லாதது. பேசிய பிறகுதான் தெரிந்தது.

ஹெல்கா கைப்பையிலிருந்து பேனா எடுத்தாள். மேஜை மேலிருந்த காகித நாப்கினில் எழுதி என் பக்கம் திருப்பினாள். 'அவள் பேசியது ஸ்பானிஷ்.'

நான் இரண்டு தடவை படித்தேன். அவள் இன்னும் எழுதினாள். 'ஃபின்னிஷ் சுற்று பன்னிரண்டு மணிக்கு. பத்து மணிச் சுற்றில் நான்தான் கேட்டு இடம் வாங்கினேன். தேவாலய வாசலில் அவள் கேட்டது: தேனிலவுக்கு வந்தவர்கள் யார்? கை தூக்கின ஜோடிகளைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.'

எழுந்து வெளியே வந்துவிட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் மேட்டில் ஏறினேன். மேலே போனால் ஊர் முழுக்கத் தெரிகிற ஒரு இடம். சிவப்புக் கூரைகள், அதற்கு அப்பால் கடல். பெஞ்சில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்க ஹெல்காவும் வந்து சேர்ந்தாள்.

"என்னை ஊர் நடுவுல முட்டாளாக்கிட்டே" என்றேன்.

அவள் பக்கத்தில் உட்காரவில்லை. என் எதிரே வந்து, முழங்கால் வலியோடு கல் தரையில் மண்டியிட்டு, என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"மார்ச் மாசம் மாவு பிசைஞ்சுக்கிட்டே உன்கிட்ட ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். அன்றைய நாளில் முதல் உண்மையான தலையாட்டல்.

"மார்புல ஒரு கட்டி இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க, ஊசியால எடுத்துச் சோதிக்கணுமாம், எனக்குப் பயமா இருக்கு தௌனோன்னு சொன்னேன். திரும்பிப் பாக்கத் தைரியம் இல்லாம, மாவைப் பாத்துக்கிட்டே சொன்னேன். நீ 'நல்லதுதான்'னே."

கீழே கூரைகள் எல்லாம் அப்படியே இருந்தன. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹெல்கா..."

"ஒண்ணும் இல்லை. வெறும் கொழுப்புக் கட்டி. பஸ் ஏறித் தனியா போனேன், தனியா வந்தேன். பதினோரு நாள் முடிவுக்குக் காத்திருந்தேன். அந்தப் பதினோரு நாளும் நீ எதிர்ல உக்காந்து மீன் சூப் குடிச்சே. இந்த மனுஷன் நெஞ்சுல கல்லுதான் இருக்குன்னு நெனச்சேன். விட்டுட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாமான்னுகூட நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் இரும்புச் சட்டி உன் முதுகுக்குப் பின்னாடி கை தவறி விழுந்துச்சு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. நீ திரும்பவே இல்லை. பேப்பர் பக்கத்தைப் புரட்டினே." அவள் கண் கலங்கியது. உதடு மட்டும் சிரித்தது. "போனது நெஞ்சு இல்லை, காதுதான்னு தெரிஞ்சதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சட்டியை எடுத்து முத்தம் கொடுத்தேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே, காதைக் காட்டுன்னு. நீ காட்டைக் காட்டறேன்னே."

அவளைத் தூக்கி நிறுத்தினேன். முப்பத்தேழு வருடம் உருளை தேய்கிற சத்தத்தைக் கண்டுபிடித்தவன். வீட்டுக்குள் ஒருத்தி பதினோரு நாள் தேய்ந்தது தெரியவில்லை. அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "எங்கே வேணாலும் காட்டறேன்" என்றேன். அவள் ஏதோ பதில் சொன்னாள். கேட்கவில்லை. "என்ன சொன்னே?" என்றேன். நான்கு வருடத்தில் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஜூன் கடைசியில் இரண்டு காதுக்கும் மிஷின் வந்தது. பட்டாணி அளவுதான். மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் உலகம் ஒரே இரைச்சல். என் கால் செருப்பு சத்தம் போடுகிறது. செய்தித்தாள் கர்ஜிக்கிறது. ஒலாவி இத்தனை வருடமாகக் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பிர்ச் மரத்தில் குருவிகள் திரும்பி வந்துவிட்டன. நின்று கேட்டேன். கொஞ்சம் அழுதேன், யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மேஜையில் உட்கார்ந்திருந்தேன். ஹெல்கா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, தனக்குத்தானே முணுமுணுப்பதுபோல, மிக மெதுவாக அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இந்த வயசுலயும் இந்த ஆளு பாக்க எவ்வளவு அழகா இருக்கான்!"

என் நெஞ்சு நிமிர்ந்தது. தலையைக் கோதிவிட்டுக்கொண்டேன். நாற்பத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னைப் பார்த்து இப்படிச் சொன்னதே இல்லை. ஒருவேளை தினமும் சொல்லிக்கொண்டிருந்தாளோ, நான்தான் கேட்காமல் விட்டேனோ?

"நெஜமாவா ஹெல்கா?" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். துண்டில் கையைத் துடைத்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாடா, மிஷின் நல்லாத்தான் வேலை செய்யுது."